குழாய்க் கூண்டும் கீரிப்பிள்ளையும்

கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்க நினைப்பவர்கள் இப்போது முதலில் போய் நிற்பது ஹார்டுவேர் கடையில்தான். ஒரு இன்ச் பிவிசி குழாய், எல்போ, டீ, ஒரு டப்பா பசை, மேலே போர்த்த நைலான் வலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கூண்டு தயார். துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, இரண்டு பேர் தூக்கிப் புதுப் புல்லில் வைத்துவிடலாம். எச்சம் ஒரே இடத்தில் சேராததால் குடற்புழுவும் இரத்தக்கழிச்சலும் குறையும். நல்ல ஏற்பாடுதான், பகலுக்கு. எனக்கு வழக்கு வலையோடுதான். நைலான் வலை பருந்தையும் காக்கையையும் தடுக்கும். கீரிப்பிள்ளைக்கும் மரநாய்க்கும் அது ஒரு பொருட்டே இல்லை, பல்லால் அறுத்துவிடும். போதாக்குறைக்குப் பாம்பு வேறு அதில் சிக்கிக்கொள்ளும். கடையில் 'கோழிவலை' என்றே விற்கும் மெல்லிய அறுகோணக் கம்பிவலைகூட, தெருநாய் பாய்ந்தால் கிழிந்துவிடும். கீழ் இரண்டடிக்காவது அரை இன்ச் கண்ணுள்ள வெல்டு மெஷ் வேண்டும். அதையே வெளிப்பக்கமாக ஓரடி தரையில் விரித்து முளையடித்தால்தான் கீரி தோண்டி நுழையாது. குழாய்க்கு எடையும் கிடையாது. ஆடிக் காற்றில் கூண்டே புரளும், நாலு மூலையிலும் கம்பி அடித்துக் கட்டியாக வேண்டும். வருடக்கணக்கில் வெயில் தின்ற பிவிசி ஒருநாள் சட்டென்று ஒடியும். பெயின்ட் அடித்தால் கொஞ்சம் தாங்கும். இவ்வளவும் செய்தாலும், பொழுது சாய்ந்ததும் கோழிகளைச் செங்கல் கூண்டிலோ கெட்டியான பலகைக் கூண்டிலோ அடைத்துவிடுங்கள். இரவுக் காவலுக்கு இந்தக் குழாயை நம்பாதீர்கள்.