முதல் டிரான்ஸ்மிட்டர் யார் கையில்?

(ஓர் அறிவியல் ஆசிரியையின் கருத்து)

சென்ற பங்குனி மாதம், கண்மாய் வற்றிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தமக்கையின் மகன் புதிதாக வாங்கிய மாதிரி விமானத்தைப் பறக்கவிடப் புறப்பட்டான். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கையும் உடன் வந்தாள். டிரான்ஸ்மிட்டர் அண்ணன் கழுத்தில் தொங்கியது. விமானம் விழும்போதெல்லாம் கருவேலஞ்செடிகளுக்குள் ஓடிப்போய் அதை எடுத்து வருவது தங்கையின் வேலை. ஏழு முறை விழுந்தது. ஏழு முறையும் அவளே ஓடினாள். "நீயும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறாயா?" என்று அவளைக் கேட்டேன். அவள் வாய் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டான். "வேண்டாம் சித்தி, அவ கீழே போட்டு உடைச்சிருவா!"

அதற்குள் ஏழு முறை கீழே போட்டவன் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் இந்த விஷயம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

நம் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் மாதிரி விமானப் பிரிவு ஒன்று தொடங்கலாம் என்று இவ்வாண்டு பேச்சு எழுந்திருக்கிறது. "வாங்குவதுதான் வாங்குகிறோம், உயர்ந்த ரகமாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கிவிடுவோம், பத்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை" என்று பெற்றோர் சிலர் கூறுகின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் என் அபிப்பிராயம் வேறு. விலையுயர்ந்த ஒன்று வேண்டாம். எளியதாக, ஒரே வகையில், இரண்டு வாங்குங்கள். இரண்டையும் இணைக்கும் பயிற்சிக் கம்பி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரியாத தாய்மார்களுக்காகச் சில வார்த்தைகள். நம் கையிலுள்ள பெட்டி டிரான்ஸ்மிட்டர். விமானத்துக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவுக் கருவி ரிசீவர். நாம் குச்சியை அசைத்தால் அந்த அசைவு வானொலி அலையாகச் சென்று, விமானத்திலுள்ள சிறு மோட்டார்களை அசைக்கிறது. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை இவ்வாறு கம்பியின்றி ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 1937இல் தங்கள் மாதிரி விமானத்தை வானொலி அலையால் இயக்கிப் பறக்கவிட்டனர். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்பவரின் குழு ஐந்து கிலோவுக்கும் குறைவான மாதிரி விமானம் ஒன்றை அட்லாண்டிக் பெருங்கடலையே கடக்கச் செய்தது. முப்பத்தெட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து அது அயர்லாந்தில் இறங்கியது. இடையில் அது தானே வழிகண்டு சென்றது என்றாலும், கிளப்பியதும் இறக்கியதும் டிரான்ஸ்மிட்டர் பிடித்த கைகளே.

முற்காலத்தில் இதில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில், ஒவ்வொருவரும் தமக்குரிய படிகத்தைப் பொருத்திப் பறக்கவிடுவார்கள். ஒரே படிக எண்ணுடைய இருவர் ஒரே நேரத்தில் கருவியை இயக்கினால் ஒருவருடைய விமானம் தரையில்தான். ஆகவே மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அந்த எண்ணுக்குரிய கிளிப்பை எடுத்தவர் மட்டுமே கருவியை இயக்கலாம் என்று விதி வைத்திருந்தனர். இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் அந்தத் தொல்லை நீங்கிவிட்டது. அவை ஒரே இடத்தில் நில்லாமல் நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாறி மாறிப் பேசுகின்றன. தன்னோடு முன்பே 'பைண்ட்' செய்யப்பட்ட ரிசீவரை மட்டுமே அடையாளம் காண்கின்றன. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு முதல் இந்த அலைவரிசையில் குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. ஆகவே இரண்டு மாணவியர் அருகருகே நின்று பறக்கவிட்டாலும் ஒருவர் அலை மற்றவரைக் கெடுக்காது. பழைய படிகக் கருவியை யாராவது இலவசமாகத் தந்தாலும், நன்றி சொல்லிக் காட்சிப் பெட்டியில் வைத்துவிடலாம்.

திருவிழாக் கடையிலும் பொம்மைக் கடையிலும் விற்கும் 'ரிமோட் விமானம்' பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் ரிமோட் அந்த ஒரு விமானத்துக்குத்தான் பேசும். விமானம் உடைந்த அன்றே ரிமோட்டும் குப்பை. கற்றுக்கொள்பவர் கையில் விமானம் உடையாமல் இராது, அது நியதி. தெர்மாகோலும் பசையும் கொண்டு மறுநாளே வேறொன்று செய்துகொள்ளலாம். டிரான்ஸ்மிட்டரோ ஐந்தாவது விமானத்துக்கும் பத்தாவது விமானத்துக்கும் அதுவேதான். எனவே விமானத்துக்கு முன் டிரான்ஸ்மிட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம்.

எத்தனை சானல் வேண்டும்? மோட்டாரின் வேகத்துக்கு ஒன்று, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு ஒன்று, இடவலமாகத் திருப்பும் ரட்டருக்கு ஒன்று, இறக்கைகளைச் சாய்க்கும் எய்லரானுக்கு ஒன்று. ஆக நான்கு. இறக்கைகள் மேல்நோக்கிச் சற்றே வளைந்த பயிற்சி விமானம் மூன்றிலேயே பறக்கும். ஆறு சானல் இருந்தால் பள்ளிப் படிப்பு முடியும்வரை போதும். பதினாறு சானல் என்று கடைக்காரர் பெருமை பேசினால் புன்னகைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது 'மோட்'. 'மோட் 2' என்றால் மோட்டார் வேகமும் ரட்டரும் இடக்கைக் குச்சியில், எலிவேட்டரும் எய்லரானும் வலக்கைக் குச்சியில் இருக்கும். 'மோட் 1' என்றால் மோட்டார் வேகம் வலக்கைக்கும் எலிவேட்டர் இடக்கைக்கும் மாறிவிடும். எது சிறந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதில் பறக்கிறாரோ அதையே வாங்குங்கள். ஒன்றில் பழகிய விரல்களை மற்றொன்றுக்கு மாற்றுவது, வலக்கையால் எழுதிப் பழகியவளை இடக்கையால் பரீட்சை எழுதச் சொல்வது போலாகும். நம் நாட்டில் பெரும்பாலோர் மோட் 2 பயன்படுத்துகின்றனர். பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களை விசாரித்தபோதும் அதையே சொன்னார்கள்.

கருவியின் பெயரைக் கேட்பீர்கள். கல்லூரி மாணவர்களிடையே முன்பு பரவலாக இருந்த ஃபிளைஸ்கை சி.டி.6பி மலிவானது. ஆனால் அதற்குத் திரை கிடையாது. அமைப்புகளை மாற்றக் கணினியோடு கம்பியால் இணைக்க வேண்டும். கண்மாய்க்கரையில் கணினிக்கு எங்கே போவது? அதே நிறுவனத்தின் எஃப்.எஸ்.-ஐ6 என்ற ஆறு சானல் கருவிக்குத் திரை உண்டு. டபுள் ஏ பேட்டரிக் கட்டைகள் நான்கு போட்டால் போதும். இருபது விமானங்களின் அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும். மோட்டார் குச்சி மேலே இருக்கும்போது தெரியாமல் கருவியைப் போட்டுவிட்டால் எச்சரிக்கை செய்யும். ரிசீவரோடு சேர்த்து விலை ரூ.5,000ஐ ஒட்டி இருக்கும். கடைக்குக் கடை மாறும். உயர்ரக ஃபுடாபா ஒன்றின் விலையில் இவற்றில் நான்கைந்து வாங்கலாம். பிளாஸ்டிக் சற்று மலிவுதான், திரையும் சிறியதுதான். பல நிறுவனங்களின் ரிசீவர்களோடும் பேசும் ரேடியோமாஸ்டர் போன்றவை இதைவிடத் திறன் மிக்கவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் மென்பொருளில் நுழைந்து வெளியேறத் தனிப் பொறுமை வேண்டும். முதல் வகுப்புக்கு அது வேண்டாம் என்பேன். நடிகர் அஜித் குமார் 2018இல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகராக இருந்ததையும், அக்குழு அவ்வாண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பெற்றதையும் நம் மாணவியர் அறிவர். அவர்களைப் பார்த்து ஆசைப்படுவது நல்லதே. அவர்கள் கையிலிருப்பதையே முதல் நாளில் கேட்பதுதான் வீண்செலவு.

இப்போது அந்தக் கம்பிக்கு வருகிறேன். ஒரே வகை டிரான்ஸ்மிட்டர் இரண்டைக் கம்பியால் இணைத்து, ஒன்றை ஆசிரியை என்றும் மற்றொன்றை மாணவி என்றும் அமைத்துவிடலாம். ஆசிரியை விசையைப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவியின் குச்சிகளுக்குக் கீழ்ப்படியும். ஆபத்து என்று கண்டால் விரலை எடுத்தால் போதும். மறுநொடி விமானம் ஆசிரியை வசம் வந்துவிடும். தட்டச்சுப் பள்ளியில் விரல் பழகுவது போல, இதிலும் குச்சி பிடித்த நிமிடங்கள்தான் கணக்கு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். ஆரம்பத்தில் விமானங்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும் என்று கரும்பலகையில் ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். விரலுக்கு அது புரியப் பல மணி நேரம் ஆகும். ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியும் இதை நமக்காகக் கற்றுக்கொள்ளாது.

விலையுயர்ந்த ஒரே கருவி இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அது அலமாரியில் பூட்டப்படும். ஆண்டு விழாவன்று வெளியே வரும். வெளியூரிலிருந்து வரும் யாரோ ஒரு சார் பறக்கவிடுவார், நாம் வரிசையில் நின்று கைதட்டுவோம். "உடைந்தால் யார் பொறுப்பு?" என்ற கேள்வி பெண் பிள்ளையின் கைக்கு எந்தக் கருவியையும் வரவிடுவதில்லை. தேசிய மாணவர் படையின் வான்படைப் பிரிவில் மாதிரி விமானம் பயிற்சியின் ஓர் அங்கம். மாணவியரும் அதில் பறக்கவிடுகின்றனர். அக்னி-4 ஏவுகணையின் திட்ட இயக்குநராக இருந்த டெஸ்ஸி தாமஸ் ஆலப்புழையில் நம்முடையதைப் போன்ற பெண்கள் பள்ளியில் படித்தவரே. ஆகவே "பெண்ணுக்கு இது எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் தனியாகப் பதில் எழுதப்போவதில்லை.

வாங்கும் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. கணினியில் பழகும் கம்பியையும் கேட்டு வாங்குங்கள். இலவசப் பயிற்சி மென்பொருள்கள் கிடைக்கின்றன. அதில் நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. 'ஃபெயில்சேஃப்' அமைப்பை மறவாதீர்கள். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்க வேண்டும். சுழலியைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்காவிட்டால் அன்று பறக்கவிட வேண்டாம். எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போட வேண்டும், கடைசியில் அணைக்க வேண்டும். விமானத்திலுள்ள லிப்போ பேட்டரியை ஆளில்லாத அறையில் சார்ஜ் போடக்கூடாது. இதை விடுதிச் சிஸ்டர் அவர்கள் தயவுசெய்து கண்டிப்பான விதியாக்க வேண்டுகிறேன்.

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் பொருந்தும். 250 கிராம் வரை எடையுள்ளதை இயக்க உரிமம் தேவையில்லை. இரண்டு கிலோ வரை, வணிக நோக்கம் இல்லாவிட்டால் தேவையில்லை. ஆனால் பறக்கும் இடம் தடையற்ற பகுதிதானா என்று அரசின் வான்வரைபடத்தில் பார்த்தே புறப்பட வேண்டும். கண் பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். மேற்கே மலையடிவாரம் பக்கம் போகவே வேண்டாம். அது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் எல்லைப்புறம். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வரும் காற்றில் தெர்மாகோல் விமானம் காகிதம் போலப் போய்விடும். மாசி, பங்குனிக் காலை நேரமே நமக்கு ஏற்றது.

கடைசியாக, மன்றத்துக்கு ஒரு பதிவேடு வேண்டும். எத்தனை விமானம் உடைந்தது என்ற கணக்கு அதில் வேண்டாம். ஒவ்வொரு மாணவியின் பெயருக்கு நேரே அவள் குச்சி பிடித்த நிமிடங்களை எழுதுவோம். என் தமக்கை மகளுக்காக நான் ஏற்கனவே ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்கிவிட்டேன். அண்ணனுடையது போன்ற இன்னொரு டிரான்ஸ்மிட்டரை இரவல் வாங்கிக் கம்பியால் இணைத்தோம். சித்திரை முடிவதற்குள் அவள் பறக்கவிட்டது ஐம்பத்திரண்டு நிமிடங்கள். இரண்டு முறை விழுந்தது. கருவேலஞ்செடிக்குள் அண்ணன்தான் போய் எடுத்து வந்தான்.