காட்டுவது இரண்டு, இழுப்பது ஒன்று

புது லேப்டாப் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் திறப்பது டாஸ்க் மேனேஜரைத்தான். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க், வைஃபை என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘ஜிபியு 0’, ‘ஜிபியு 1’ என்று இரண்டு பெட்டிகள் நிற்கும். ‘ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்குடா!’ என்று அங்கேயே ஒரு கூச்சல் எழும். கண்ணுக்கு இரண்டாகத் தெரிவதை இரண்டு என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் இரண்டு இருந்தால் வேகமும் இரண்டு மடங்கு என்று நம்பி எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று கட்டுகிறார்களே, அங்கேதான் சிக்கல்.

உச்சிப்புளி மாதிரி ஊரில் இந்தச் சிக்கலுக்குக் கனம் கூடுதல். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலுக்கு இடையே கிடக்கிற ஊர் இது. தென்னந்தோப்பும் மீன்பிடிப்பும் உண்டு. கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளமும் இங்கேதான். ஒரு கேமிங் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்து வாங்க ராமநாதபுரமோ மதுரையோ போக வேண்டும். இல்லையென்றால் ஆன்லைன். புதுமடம், பெரியபட்டினம் பக்கத்துக் குடும்பங்களில் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிற மாமாவோ மச்சானோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவருவதும் உண்டு. எந்த வழியில் வந்தாலும், பிடிக்கவில்லை என்று மறுநாளே மாற்றிக்கொள்வது லேசான காரியமில்லை. வாங்குவதற்கு முன்பே விவரம் தெரிந்தாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி, 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்ததுதான். பெரும்பாலும் அவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ்தான். அதில் ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ ஓட்டி வளர்ந்த தம்பிக்கு ஒரு கார்டு என்பதே கனவு. இரண்டு என்றால் கேட்கவே வேண்டாம். அந்த ஆசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆசையை நம்பி வீட்டுக்காசு தவறான பொருளில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இன்றைய லேப்டாப்பில் தெரிகிற இரண்டும் ஜோடி மாடுகள் அல்ல. பெரும்பாலான லேப்டாப்களில் ஜிபியு 0 என்பது இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸரோடு ஒட்டிப் பிறந்தது. ஜிபியு 1தான் காசு கொடுத்து வாங்கிய ஜீபோர்ஸ் அல்லது ரேடியான் கார்டு. பாட்டு கேட்கும்போதும் பாடம் எழுதும்போதும் முதலாவது வேலை பார்க்கும், இரண்டாவது தூங்கும். கேமைத் திறந்தால் இரண்டாவது விழித்துக்கொள்ளும். 2010இல் என்விடியா ‘ஆப்டிமஸ்’ என்று பெயரிட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இரண்டும் சேர்ந்து ஒரே கேமை இழுப்பதில்லை. பேட்டரி சீக்கிரம் இறங்காமல் இருக்க முறைவைத்துக்கொள்கின்றன. ஏஎம்டி மட்டும் சில ஆண்டுகள், ப்ராசஸருக்குள் இருப்பதையும் தனிக் கார்டையும் சேர்த்து ஓட்டப் பார்த்தது. ‘டூயல் கிராபிக்ஸ்’ என்று அதற்குப் பெயரும் வைத்தது. அந்த முயற்சி நின்றுவிட்டது. சொல் மட்டும் நிற்கவில்லை.

உண்மையாகவே இரண்டு தனிக் கார்டு வைத்த லேப்டாப்கள் ஒரு காலத்தில் இருந்தன. அந்தக் கதை மேசைக் கணினியில் தொடங்கியது. 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் வூடூ 2 கார்டுகளில் இரண்டை ‘எஸ்எல்ஐ’ என்ற பெயரில் சேர்த்துப் பூட்டியது. திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும் இரட்டைப்படை வரிகளை இன்னொன்றும் வரையும். அந்த நிறுவனம் நொடித்துப்போக, அதன் சொத்துகளை என்விடியா வாங்கியது. 2004இல் எஸ்எல்ஐ என்ற அதே மூன்றெழுத்தை வேறு விரிவோடு திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே போட்டி நிறுவனமான ஏடிஐ ‘கிராஸ்ஃபயர்’ என்று பதில் சொன்னது.

பிறகு இந்த ஆசை மடியில் வைக்கிற கணினிக்கும் தொற்றியது. 2007இல் டெல் எக்ஸ்பிஎஸ் எம்1730 இரண்டு ஜீபோர்ஸ் கார்டுகளோடு வந்தது. 2013இல் வந்த லெனோவோ ஒய்510பி செய்த வேலை எல்லாவற்றையும்விடச் சுவாரஸ்யமானது. டிவிடி டிரைவ் இருக்கிற பொந்திலிருந்து அதை உருவி எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டைச் செருகலாம். தட்டையான ஒரு பெட்டி, அதற்குள் சின்ன விசிறி, பக்கவாட்டில் காற்று வெளியேறும் துவாரம். நடுத்தர விலைக்கு இரட்டைக் கார்டு என்று பல நாட்டு மாணவர்கள் அதற்கு ஆசைப்பட்டார்கள். எம்எஸ்ஐயின் ஜிடி80 டைட்டன் இரண்டு ஜிடிஎக்ஸ் 980எம் கார்டுகளோடு வந்தது. உச்சம் ஏசரின் பிரிடேட்டர் 21 எக்ஸ்: இரண்டு ஜிடிஎக்ஸ் 1080, 21 அங்குல வளைந்த திரை, ஐந்து விசிறி, எட்டு கிலோவுக்கு மேல் எடை. 2017 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 6,99,999 ரூபாய். அதைச் சுவரில் இணைக்க 330 வாட் அடாப்டர் இரண்டு வேண்டும்.

அவ்வளவு கொட்டியும் ஏன் நிலைக்கவில்லை?

எஸ்எல்ஐயில் பெரும்பாலும் ஒரு காட்சிச் சட்டத்தை முதல் கார்டு வரையும், அடுத்ததை இரண்டாவது வரையும், மறுபடி முதலாவது. கணக்குப்படி நொடிக்கு 60 சட்டம் 120 ஆக வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே சீரான இடைவெளியில் சட்டத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் முந்தி, இன்னொன்று கொஞ்சம் பிந்தினால், எண்ணிக்கை என்னவோ 90, 100 என்று காட்டும். கண்ணுக்கோ திக்கித் திக்கி ஓடுவதாகத் தெரியும். இந்தத் திணறலைப் பற்றி அந்தக் காலத்து விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

பாம்பனில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் ஷெர்சர் தூக்கில் இரண்டு இறக்கைகள். கப்பல் வந்தால் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டமாக ஆட்கள் கையால் சுற்றித்தான் இறக்கைகளைத் தூக்கினார்கள். ஒரு பக்கம் மட்டும் மேலே போய்ப் பயனில்லை. இரண்டும் எழுந்தால்தான் கப்பல் கடக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு, மோட்டாரில் நேராக மேலே எழுகிறது. பழைய பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது, அதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. காரணம், அங்கே சுற்றியவர்களுக்கு ஒருவருக்கொருவர் கண்ணும் காதும் இருந்தன. இரண்டு கார்டுகளுக்கு நடுவே அந்த வேலையை டிரைவர் என்ற மென்பொருள் செய்ய வேண்டும். ஒவ்வொரு புது கேமுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். சொல்லிக்கொடுக்காத கேமில் இரண்டாவது கார்டு சும்மா கிடக்கும்.

இன்னொரு ஏமாற்றம் மெமரியில். 8 ஜிபி கார்டு இரண்டு இருந்தால் 16 ஜிபி ஆகாது. ஒரே காட்சியை இரண்டும் வரைவதால் இரண்டிலும் ஒரே சரக்கையே நிரப்ப வேண்டும். கேமுக்குக் கிடைப்பது 8தான். அதற்குமேல், இன்றைய கேம்கள் ஒரு சட்டத்தை வரைய முந்தைய சட்டத்தின் விவரத்தை எடுத்துப் பார்க்கின்றன. விளிம்பை மழுப்புவதிலிருந்து, சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற டிஎல்எஸ்எஸ் வரை இந்த வழிதான். முந்தைய சட்டம் அடுத்த கார்டில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் கைமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிடைத்த லாபம் அதிலேயே கரைந்துவிடும். 2021 ஜனவரி 1 முதல் புது எஸ்எல்ஐ டிரைவர் ஏற்பாடுகளைச் சேர்க்கப்போவதில்லை என்று என்விடியா அறிவித்தது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் இரண்டைப் பூட்டும் இணைப்பே இல்லை. பிளெண்டர் மென்பொருளில் அனிமேஷன் படம் செய்பவருக்கும் ஏஐ பயிற்சி கொடுப்பவருக்கும் பல கார்டுகள் இன்றும் உதவும். அங்கே வேலையைக் கூறுபோட்டுத் தனித்தனியாகச் செய்ய முடியும். கேமுக்கு அந்தக் கதை முடிந்துவிட்டது.

ஆகவே யாராவது ‘வெளிநாட்டுச் செகண்ட்ஹேண்ட், ரெண்டு ஒரிஜினல் கார்டு, பாதி விலை’ என்று பழைய இரட்டைக் கார்டு லேப்டாப்பை நீட்டினால், உச்சிப்புளிப் பிள்ளைகள் இரண்டடி பின்னால் போவதே நல்லது. இங்கே தடுக்கிற காரணங்களில் முதலாவது காற்று. இந்தக் கரையில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் என்ன பாடுபடுகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். அதே உப்புக்காற்றைத்தான் லேப்டாப் விசிறி நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. விசிறிக்கு எதிரே சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் இருக்கும். அங்கே தூசியும் ஈரமும் உப்பும் சேர்ந்து பிசினாகப் படியும். இரண்டு கார்டு என்றால் அந்தத் தகட்டுக் கட்டும் இரட்டிப்பு, கழற்றித் துடைக்கிற வேலையும் இரட்டிப்பு. சித்திரை மாதத்தில் அறைக்காற்றே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, அதை இழுத்து ஒரு லேப்டாப் தன்னைக் குளிர்விக்க வேண்டும்.

இரண்டாவது கரண்ட். இரண்டு 330 வாட் அடாப்டர் முழு வீச்சில் இழுத்தால் 660 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 158 யூனிட். ஒற்றைக் கார்டு லேப்டாப்பின் 230 வாட் அடாப்டர் அதே கணக்கில் 55 யூனிட். எந்த நேரமும் முழு வீச்சில் இழுக்காது, உண்மைதான். ஆனால் வித்தியாசத்தின் அளவு விளங்குகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை ஒரு கேமே தின்றுவிட்டு அம்மாவின் மிக்சிக்கும் ஃபேனுக்கும் பில் போடவைப்பது எந்த வீட்டுக்கும் கட்டுபடியாகாது. வீட்டு இன்வெர்ட்டரோ அந்தச் சுமைக்கு முதல் நாளே அலறும்.

ஒற்றைக் கார்டுதான் என்று முடிவானபிறகு கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, வாட்டை. இதைக் கடைகள் சொல்வதே இல்லை என்பது பெரிய குறை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம் என்று என்விடியாவே வரம்பு வைத்திருக்கிறது. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர். மெலிந்த உடம்புக்குள் குறைந்த வாட்டில் அடைத்த 4060, தாராளமாகக் காற்று விட்ட 4050இடம் தோற்றுப்போகலாம். முன்பு வாட் குறைந்த கார்டுகளுக்கு ‘மேக்ஸ்-க்யூ’ என்று பெயரிலேயே அடையாளம் இருந்தது. 3000 வரிசையோடு அதுவும் பெயரிலிருந்து போய்விட்டது. மிக்சியில் வாட் போடுகிறார்கள், தண்ணீர் மோட்டாரில் குதிரைத்திறன் போடுகிறார்கள். ஒரு லட்ச ரூபாய்ப் பொருளில் மட்டும் ஏன் வாங்குபவர் தேடி அலைய வேண்டும்? அட்டைப்பெட்டியின் மேல் கார்டின் வாட்டைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று நுகர்வோர் சங்கங்கள் கேட்க வேண்டிய நேரம் இது.

அடுத்து மக்ஸ் ஸ்விட்ச். ஆப்டிமஸ் ஏற்பாட்டில் தனிக் கார்டு வரைந்த சட்டம் ப்ராசஸர் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். மக்ஸ் இருந்தால் கேம் நேரத்தில் தனிக் கார்டைத் திரையோடு நேராக இணைக்கலாம், வேகம் கூடும். படிக்கிற நேரத்தில் பழையபடி மாற்றிக்கொண்டால் பேட்டரி நிற்கும். டாஸ்க் மேனேஜரில் தெரிந்த அந்த இரண்டுக்கும் உண்மையான பயன் இங்கேதான். இன்னொன்று: இரண்டாக இருந்தால் நல்லது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய பொருள் ராம். 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜிபி குச்சி இரண்டாக இருந்தால் மெமரிக்கு இரண்டு பாதை கிடைக்கும். பல கேம்களில் அது கண்ணுக்கே தெரியும்.

துபாயிலிருந்து மச்சான் வாங்கி வருவதானால் கடையிலிருந்தே வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லலாம். லேப்டாப்பின் படம் வேண்டாம், அடாப்டரின் அடிப்பக்கம். அங்கே சின்ன எழுத்தில் ‘அவுட்புட்’ என்று போட்டு வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். உள்ளே இருக்கிற கார்டுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்க வாய்ப்புண்டு. 20 வோல்ட், 7.5 ஆம்பியர் என்றால் 150தான். ப்ராசஸர், திரை, விசிறி எல்லாம் தின்றதுபோக 115 வாட் கார்டுக்கு மிச்சம் வராது. அப்போது மச்சானைப் பக்கத்து ரேக்கில் இருக்கிற அடுத்த மாடலின் அடாப்டரையும் திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.