நாய்க்கு வைக்கும் தண்ணீர்

மும்பையில் மழைக்காலம் தொடங்கியதும் நம்மவர் இல்லங்களில் குடிநீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிப் பருகுகிறோம். வாயிலில் கிடக்கும் நாய்க்கோ முந்தாநாள் ஊற்றிய தண்ணீரே போதுமென்று விட்டுவிடுகிறோம். இது முறையன்று, வீட்டுக் குழந்தைகளுக்கும் நல்லதன்று.

எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவுவது எலிக்காய்ச்சல். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபின் இந்நகரில் அந்நோய் பரவியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தேங்கிய நீரைக் குடிக்கும் நாயையும் அது பற்றும். சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். நோயுற்ற நாயின் சிறுநீரிலும் அக்கிருமி வெளிப்படும். அதே தாழ்வாரத்தில்தானே குழந்தைகள் வெறுங்காலுடன் விளையாடுகிறார்கள்? ஆகையால் நாயை உலாவ அழைத்துச் செல்லுமுன் வீட்டிலேயே நீர் குடிக்கச் செய்யுங்கள். தாகம் தணிந்த நாய் தெருக்குட்டையை அவ்வளவாக நாடாது. ஆண்டுதோறும் இதற்கான தடுப்பூசியும் போட வேண்டும்.

கிண்ணம் எவர்சில்வராயின் நன்று. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்குத் தங்கும். பழைய நீரின்மேலேயே புதுநீரை ஊற்றுவது பலருடைய வழக்கம். கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழவழக்கும்; அது கிருமிகளின் படலம். நாள்தோறும் சோப்புப் போட்டுத் தேய்த்தாலன்றிப் போகாது. சோப்பு வாடை நீங்க நன்றாக அலசுவதும் அவசியம்.

பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் வேண்டும். புழுக்கத்தில் இன்னும் கேட்கும். வீட்டார் பருகும் நீரையே அதற்கும் ஊற்றுங்கள். இரவில் கிண்ணத்தை வாயிலில் விட்டுவைக்காமல் உள்ளே எடுத்து வையுங்கள். ஊரடங்கியபின் எலிகளும் அங்கேதான் நீர் தேடி வரும்.