ஷூவைக் கழட்டுறீங்க, அந்த டி-ஷர்ட்?

1/ வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் வழியா இறங்கினா வெள்ளகவி. ஊருக்குள்ள யாரும் செருப்பு போடுறதில்லை. ட்ரெக்கிங் வர்றவங்களும் ஊர் எல்லையில ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கிறாங்க. நல்ல பழக்கம். ஆனா அப்படிக் கழட்டின ஒரு தம்பி போட்டிருந்த டி-ஷர்ட்டுல ஒரு பிணத்தோட போட்டோ. அதுக்குத்தான் இந்த த்ரெட்.

2/ நார்வே பிளாக் மெட்டல் பேண்ட் மேஹெம். 1990 பிப்ரவரி 28 அன்னைக்கு சார்ப்ஸ்போர்க்ல வாசிச்சதை 'டான் ஆஃப் த பிளாக் ஹார்ட்ஸ்'னு 1995-ல திருட்டு ஆல்பமா விட்டாங்க. அட்டையில இருக்கிறது பாடகர் பெர் இங்வே ஊலின். மேடைப்பெயர் 'டெட்'. 1991 ஏப்ரல் 8, தற்கொலை. வயசு 22. எப்படின்னு எழுத மாட்டேன்.

3/ உடலை முதல்ல பார்த்தவர் கூட வாசிச்ச கிட்டாரிஸ்ட் யூரோனிமஸ். போலீசைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி கேமரா வாங்கிட்டு வந்து படம் எடுத்தார். இதுக்குப் பேரு கலையா? அதே பேண்ட்ல பேஸ் வாசிச்ச நெக்ரோபுட்சரே இதுல கொதிச்சுப்போய் விலகினார். பிளாக் மெட்டல்காரனுக்கே தாங்கலை, உங்களுக்கு அது ஃபேஷன்!

4/ "டாக்டருக்கு மெட்டல் ஆகாது"ன்னு கமெண்ட் வரும். நல்லாவே ஆகும். எம்பிபிஎஸ் பரீட்சை ராத்திரிகள்ல என்னை முழிச்சிருக்க வெச்சதே அந்த டிரம்ஸ்தான். மெட்டல் கேட்டா செத்துடுவாங்கன்னு சொல்றது அபத்தம். சிங்கப்பூர் ருத்ரா 1992-ல இருந்து அதே உறுமல் குரல்ல வேதாந்தம் பாடுறாங்க, பிணப்படம் தேவைப்படலையே.

5/ என் பிரச்சினை அந்தப் படம். ஏற்கெனவே மனசு உடைஞ்சிருக்கிற ஒருத்தர் கண்ணுல ஒரு தற்கொலையும், அதனால கிடைச்ச 'லெஜண்ட்' பட்டமும் சேர்ந்து பட்டா, அது தொத்தும். வியன்னாவுல மெட்ரோ ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பா எழுதிக்கிட்டிருந்தாங்க. 1987-ல அப்படி எழுதாதீங்கன்னு வழிகாட்டுதல் வந்துச்சு. அந்த வருஷம் இரண்டாம் பாதியிலயே எண்ணிக்கை சரிஞ்சது. படம் போடாதே, முறையை விவரிக்காதேன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் இதனாலதான்.

6/ அதுவும் எங்க போட்டுட்டு வர்றீங்க? உடம்புக்கு முடியலைன்னா டோலி கட்டி, தோள்ல தூக்கி, மலையேறி கொடைக்கானலுக்குக் கொண்டு வந்த ஊர் அது. தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்களைக் காப்பாத்துறதுல நேரம்தான் எல்லாமே. ரோடு இருக்கிற ஊர்லயே எங்களுக்கு அது பத்துறதில்லை. அங்க டீக்கடைத் திண்ணையில பசங்க உக்காந்திருக்காங்க சார், உங்க நெஞ்சைத்தான் பார்க்கிறாங்க.

7/ அவர் குரல் வேணும்னா 'லைவ் இன் லைப்ஸிக்' கேளுங்க. 1990 நவம்பர் 26 கச்சேரி, 1993-ல முறையா வெளிவந்தது. அதே டெட், அதே வெறி. மேடையிலயே தன்னைக் காயப்படுத்திக்கிட்ட ஆளு அவர். பார்த்தவங்க அதை ஷோன்னு நினைச்சுக் கத்தினாங்க. உங்க ஃப்ரெண்டு சாவைப் பத்தியே 'ஜோக்' அடிச்சா நீங்க சிரிக்காதீங்க. தனியா கூப்பிட்டு, "சாகணும்னு தோணுதாடா?"ன்னு நேராவே கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது.

8/ ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பாங்க: 104. டெலி மானஸ்: 14416. தமிழ்லயே பேசலாம்.