முன்பணமும் வெள்ளையடிப்பும்

சென்னையில் ஜாகை தேடுவோர் 10 மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். கொடுக்கும்போது தகராறில்லை, காலி செய்யும் தினத்தில்தான் சச்சரவு ஆரம்பமாகிறது. வெள்ளையடித்த கூலியென்றும், கதவுக்கு வர்ணமென்றும் சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் பலர்.

சட்டம் இல்லாமலில்லை. 1960-ம் வருஷத்துச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாதென்றது. யார் மதித்தார்கள்? 2019-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம் வரம்பை 3 மாதமாக்கிற்று. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டுமென்றும் விதித்தது. வெள்ளையடிப்பதும் வர்ணம் பூசுவதும் சொந்தக்காரர் பொறுப்பென்று அதன் அட்டவணையே கூறுகிறது. ஆயினும் வரம்புக்கும் சரி, வெள்ளையடிப்புக்கும் சரி, இரு தரப்பாரும் வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் அதுவே செல்லுமென்று ஒரு விலக்கையும் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்காக அலையும் குடும்பஸ்தன், நீட்டிய பத்திரத்தில் கையெழுத்திடாமல் என்ன செய்வான்? இதை உடன்படிக்கை என்பது பரிகாசமேயாகும்.

சொந்தக்காரர் எல்லோரும் தனவந்தரல்லர். ஒரே வீட்டு வாடகையை நம்பி ஜீவிக்கும் பென்ஷன்காரர்களும் உண்டு. வாடகை பாக்கியையும், குடியிருந்தவர் உடைத்ததற்கான நஷ்டத்தையும் ரசீது காட்டி அவர்கள் கழித்துக்கொள்வதை நாம் ஆட்சேபிக்கவில்லை. காலத்தால் மங்கிய சுவருக்கு அபராதம் விதிப்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம். சட்டசபை அந்த விலக்கை நீக்கவேண்டும். அதுவரை, குடிபுகும் தினத்திலேயே வீட்டின் நிலையை ஜாபிதாவாக எழுதி, சொந்தக்காரரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.