புலனாய்வின் செலவு யார் தலையில்?

போலீஸ் சம்பளம் பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். சம்பளம் போதவில்லை, அதனால்தான் கை நீட்டுகிறார்கள் என்பது ஓர் அணி. எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஆதிக்க சாதிக்குத்தான் வேலை பார்ப்பார்கள் என்பது இன்னோர் அணி. இரண்டு அணியுமே கணக்கைப் பார்ப்பதில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் வன்கொடுமை வழக்குகளுக்காகப் புகார்தாரர்களோடு காவல் நிலையப் படியேறுகிறவன் என்ற முறையில் அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தூரத்து நாட்டிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் 'டிடெக்டிவ்' என்பது தனி வேலை. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை அந்த வேலைக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறது. 2023-இல் அவர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 91,000 டாலர். நம் பணத்தில் மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு மேல். அங்கே வாடகை வேறு, மருத்துவச் செலவு வேறு. அந்தத் தொகையைப் பார்த்து வாய் பிளக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: அங்கே துப்புத் துலக்குவது ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு சம்பளம்.

நம் ஊர்க் காவல் நிலையத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. இங்கே சம்பளம் பதவி அடுக்குக்கு. புலனாய்வு என்பது பந்தோபஸ்து, வாகனச் சோதனை, திருவிழா, மந்திரி வருகை, தேர்தல் ஆகியவற்றுக்கு நடுவே நேரம் கிடைத்தால் பார்க்கிற வேலை.

அந்த அடுக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். உதவி ஆய்வாளருக்கு 36,900. நேரடியாகத் தேர்வாகும் டிஎஸ்பிக்கு 56,100. படிகள் இதற்கு மேல். டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் காவலர் 21,700-இல் தொடங்குகிறார், உதவி ஆய்வாளர் 35,400-இல். கேரளத்தில் காவலருக்கு 31,100, உதவி ஆய்வாளருக்கு 45,600. 2019-இல் ஊதியத்தைத் திருத்தியபோது அகவிலைப்படியை அடிப்படையோடு சேர்த்துக்கொண்டதால் கேரளத்தின் தொகை பெரிதாகத் தெரியும். அதனால் தொகையை விடுங்கள், இடைவெளியைப் பாருங்கள். உதவி ஆய்வாளரின் தொடக்க ஊதியம் காவலருடையதைப் போல் கேரளத்தில் சுமார் ஒன்றரை மடங்கு, டெல்லியில் 1.6 மடங்கு, தமிழ்நாட்டில் இரண்டு மடங்குக்கும் மேல். நம் உதவி ஆய்வாளர் டெல்லிக்காரரைவிட 1,500 ரூபாய் அதிகமாகத் தொடங்குகிறார். நம் காவலர் உத்தரப் பிரதேசக் காவலரைவிட 3,500 ரூபாய் குறைவாகத் தொடங்குகிறார். சமூகநீதி மாநிலம் என்று மார்தட்டுகிற நாம் கீழ்ப்படியில் நிற்பவருக்கு வைத்திருக்கிற விலை இது.

அந்தக் கீழ்ப்படியில் நிற்பது யார்? ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார், அப்பா டேனரியில் டிரம் வேலை. போலீஸ் தேர்வு அவர்களுக்கு அரசாங்க வேலையின் முதல் வாசல். அந்த வாசலில் நுழைந்தவர் சங்கம் வைத்துச் சம்பளம் கேட்கவும் முடியாது. 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னது சீருடைக்குள்ளும் நன்றாகவே பொருந்துகிறது: ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் அதட்டுவதற்குக் கீழே ஒரு படி இருக்கிறது. கடைசிப் படிக்காரர் அதட்டுவதற்கு மிச்சமிருப்பது புகார் கொண்டுவருகிற சேரிக்காரர்தான்.

இப்போது நம் வழக்குகளுக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான 1995-ஆம் ஆண்டு விதிகளில் 7-ஆவது விதி, புலனாய்வு அதிகாரி டிஎஸ்பி பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது. உள்ளூர் நிலையத்தின் சாதிப் பிடியிலிருந்து வழக்கை வெளியே எடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது அதிகாரியின் கடமை. அதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஏட்டளவில் பார்த்தால் நம் வழக்குக்கு 18,200 ரூபாய்க்காரர் அல்ல, 56,100 ரூபாய்க்காரர் வர வேண்டும்.

நடப்பது என்ன? டிஎஸ்பி என்பவர் ஓர் உட்கோட்டத்தின் சட்டம் ஒழுங்கு முழுவதையும் பார்க்கிறவர். நான் போன வழக்குகளில் அவர் ஒருநாள் ஜீப்பில் வந்து இடத்தைப் பார்ப்பார், போய்விடுவார். வாக்குமூலம் எழுதுவது அதே உள்ளூர் நிலையத்தின் ரைட்டர். மகஜர் எழுதுவது அதே உதவி ஆய்வாளர். கையெழுத்து மட்டும் டிஎஸ்பி. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உரிய பதவியில் இல்லாதவர் புலனாய்வு செய்தால் வன்கொடுமைக் குற்றச்சாட்டு நிற்காது என்று 2009-இல் மத்தியப் பிரதேச அரசு எதிர் சுன்னிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது அரசு ஆள் போடாமல் மிச்சம் பிடிப்பதன் பலனைக் குற்றவாளி விடுதலையாக வாங்கிக்கொண்டு போகிறார்.

சம்பளமாவது அரசு தருகிறது. புலனாய்வுச் செலவு? ஒரு நிலையத்தில் எங்களிடம் ஏ4 தாள் ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் புகைப்படக்காரருக்கு நாங்கள் பணம் கொடுத்தோம். சம்பவ இடத்துக்குப் போக வண்டி இல்லை என்று சொல்லி, புகார் கொடுத்த பெண்ணின் தம்பியை ஆட்டோ பிடித்து வரச் சொன்னார்கள். விசாரணைக்கு வா வா என்று நாலு நாள் அலைக்கழித்ததில் அந்தப் பெண்ணுக்கு ஷூ கம்பெனியில் நாலு நாள் கூலி போயிற்று. எதிர்த்தரப்பிடம் வண்டியும் இருந்தது, தாளும் இருந்தது, காத்திருக்க நேரமும் இருந்தது. புலனாய்வுக்குச் செலவு செய்ய முடிந்தவர் பக்கம் புலனாய்வு சாயும். இதற்கு லஞ்சம் என்ற பெயர்கூட வேண்டியதில்லை.

செலவும் நேரமும் இல்லாத புலனாய்வு எங்கே போய் முடியும் என்பதற்கு இந்தத் தோல் வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. 2015 ஜூனில் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடிய வழக்கில் ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது இளைஞரைப் பள்ளிகொண்டா போலீசார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். ஜூன் 26 அன்று அவர் சென்னையில் மருத்துவமனையில் இறந்தார். காவலில் அடித்ததே காரணம் என்று குடும்பம் குற்றம் சாட்டியது. மறுநாள் ஆம்பூர் கலவரத்தில் எரிந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. தேடப்பட்ட பெண் பிறகு சென்னையில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டார். செல்போன் தடம் பார்ப்பதற்கும் பத்துப் பேரைப் பொறுமையாக விசாரிப்பதற்கும் நேரம் வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். அடிப்பதற்கு எதுவும் வேண்டாம். உலகத்திலேயே மலிவான புலனாய்வு லத்திதான்; அது எப்போதும் ஏழை மீதும் தலித் மீதும் முஸ்லிம் மீதும்தான் விழுகிறது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டு, ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. எடுக்க வைத்தது எது? செல்போனில் பதிவாகிப் பரவிய காணொளி. சாட்சியம் திரட்டும் வேலையையும் நாமே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு தோழர் மறிப்பார்: "சாதி புத்தியைச் சம்பளம் மாற்றுமா?" மாற்றாது. லட்ச ரூபாய் வாங்குகிற அதிகாரியும் தன் சாதிக்காரன் பெயரை எஃப்ஐஆரிலிருந்து விடுவிப்பார். அதனால்தான் வெறும் சம்பள உயர்வை நான் கேட்கவில்லை. சாதி புத்திக்கு ஒளிந்துகொள்ள வசதியான இடம் எது என்று கேட்கிறேன். "ஆள் இல்லை, வண்டி இல்லை, பந்தோபஸ்து போட்டுவிட்டார்கள்" என்ற சாக்குதான் அந்த இடம். சாக்கை எடுத்துவிட்டால், வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். கடமை தவறிய அதிகாரியைத் தண்டிக்கும் 4-ஆவது பிரிவுக்கு அப்போதுதான் பல் முளைக்கும்.

புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது 2006 செப்டம்பர் 22. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அதை நம் வழக்குகளிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்போம். வன்கொடுமை வழக்கு தவிர வேறு வேலை இல்லாத டிஎஸ்பி, அவருக்கென்று எழுத்தரும் வண்டியும் செலவுப் பணமும், மாவட்டத்துக்கு ஒருவர். அதோடு இரண்டாம் நிலைக் காவலரின் தொடக்க ஊதியத்தையும் ஏற்றச் சொல்வோம். அந்தக் கோரிக்கையை ஆளும் கட்சியோ ஆண்ட கட்சியோ நமக்காக எழுப்பாது.

அதுவரை செய்ய ஒரு வேலை இருக்கிறது. 1995 விதிகளில் 11-ஆவது விதியைப் படியுங்கள். விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி தர வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் தர வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு 17-ஆவது விதிப்படி 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை சாட்சிகளுக்கு அந்தப் படி கொடுத்தார்கள், எத்தனை வழக்கில் 60 நாள் தாண்டியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போவோம்.