"நாளை" என்னும் திரை



அண்மையில் குருவிகுளம் பகுதியில் நாம் வீடு சந்திக்கச் சென்றிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் கண்ணீருடன் முறையிட்டார். "நாளைக்குப் படிக்கிறேன் என்றே தினமும் சொல்லுகிறான், சாமி. நோட்டைத் தொடுவதில்லை. மூன்று நாளாகப் பள்ளிக்கூடமும் போகவில்லை. படிப்பையே நிறுத்திவிடலாம் என்கிறார் அவன் அப்பா."

சிறுவனைத் தனியே அழைத்து வினவினோம். வெகுநேரம் தலைகுனிந்து நின்றவன், "கணக்கில் பின்னம் புரியவில்லை, சாமி. ஒரு நாள் செய்யாமல் விட்டேன். பிறகு எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. வெறும் நோட்டோடு வகுப்பில் நிற்கப் பயமாயிருக்கிறது" என்றான். சோம்பேறி என்று வீட்டார் சூட்டிய பெயருக்குள் ஒளிந்திருந்தது அச்சமே!

இரு மைந்தர் உவமையை நினைவுகூருவோம். தந்தை திராட்சைத் தோட்டத்திற்கு அனுப்பியபோது, உடனே இசைந்தவன் போகவில்லை. முதலில் மறுத்தவனே மனம் மாறிப் போனான். பிந்தித் தொடங்கியவனையே நம் ஆண்டவர் மேலாகக் காட்டினார். ஆகவே, காலம் கடந்துவிட்டதென்று எந்தப் பிள்ளையையும் கைவிடலாகாது.

1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழகம் வந்தபோது முப்பது வயதைத் தொட்டிருந்தார். அந்த வயதில், குழந்தையைப்போல் அகரத்திலிருந்து தமிழ் கற்றார். நமக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய அவரே பின்னர் தேம்பாவணியைப் பாடினார். 1732-இல் சதுரகராதியைத் தந்தார். அகராதி ஓர் இரவில் எழுதி முடிப்பதன்று. சொல் சொல்லாகச் சேர்ப்பது.

நம் கரிசல் உழவரும் முதற் சாலிலிருந்துதானே தொடங்குகிறார்? பிள்ளைக்கும் அந்த முதற் சாலைக் காட்டுங்கள். "ஏன் படிக்கவில்லை?" என்று அதட்டாமல், "எது புரியவில்லை?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஆசிரியரை ஒருமுறை நேரில் கண்டு பேசுங்கள். மாலையில் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நிறுத்தி, அரைமணி நேரம் பிள்ளையின் அருகில் அமருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அருகில் அமரலாம். அதுவே பிள்ளைக்குப் பெருந்துணை.

அன்று மாலை அச்சிறுவன் நம் முன்னிலையில் இரண்டே கணக்குகள் போட்டான். ஒன்று தவறு, ஒன்று சரி. மறுநாள் காலை தந்தையே அவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று ஆசிரியரிடம் பேசினார். பின்னம் இன்னும் அவனுக்கு முழுதும் வசப்படவில்லை. ஆனால் பள்ளிக்குப் போகிறான்.

உங்கள் வீட்டிலும் மூடிக் கிடக்கும் நோட்டு ஒன்று இருக்கலாம். இன்றிரவு செபமாலை முடிந்ததும், அன்போடு அதைத் திறந்து வையுங்கள்.